தீபாவளிக்கு முன் என்ன, பின் என்ன: பினாங்கில் கிறிஸ்மஸுக்கு முன்கூட்டியே தயாராகும் முழுமையான வழிகாட்டி

கிறிஸ்மஸ் வேலையை டிசம்பரில் தொடங்கினால் இரண்டு கைநழுவிப் போகும். ஒன்று தையல்காரர், இன்னொன்று திருவருகைக் காலம். கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் செபத்துக்கும், கேரல் பவனிக்கும், முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்ப்பதற்கும் உரியவை. அந்த வாரங்கள் ஜாலான் பினாங்கில் கார் நிறுத்த இடம் தேடியும், பேரங்காடிக் கல்லாவில் வரிசையில் நின்றும் கழிந்தால், நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும்போதே வீட்டில் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் கடை வேலை முடிந்துவிட வேண்டும், அதன்பிறகு வாங்குவது கறி, காய், தேங்காய், பூ மட்டுமாக இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு வேலைக்கும் காலம் குறித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஜூலையிலேயே வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் மாவில் வண்டு விழும், வெங்காயம் அழுகும், முறுக்கு நமத்துப்போகும், பிள்ளைகள் ஆறு மாதத்தில் சட்டையை மீறி வளர்ந்துவிடுவார்கள். எதைச் சீக்கிரம் வாங்க வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பிரிப்பதில்தான் பணமும் நேரமும் மிஞ்சும்.

முதல் வேலை: தீபாவளித் தேதியைப் பாருங்கள்

பினாங்குத் தமிழ்க் கிறிஸ்துவ வீட்டின் கிறிஸ்மஸ் திட்டம் தீபாவளியை ஒட்டித்தான் அமையும். லிட்டில் இந்தியாவில் லெபு பாசார், லெபு குவீன், பினாங்கு ஸ்திரீட் பக்கம் இருக்கும் துணிக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை எல்லாம் ஆண்டிலேயே அதிகச் சரக்கை இறக்குவது தீபாவளிக்குத்தான். தையல்காரர்களும் அப்போதுதான் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். பண்டிகை முடிந்த மறுவாரமே தெரு அமைதியாகிவிடும். மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிடக் கடைக்காரர்களும் தயாராக இருப்பார்கள்.

தீபாவளி ஒரே தேதியில் வருவதில்லை. 2025இல் அக்டோபர் 20ஆம் தேதி வந்ததால் கிறிஸ்மஸுக்கு 66 நாள் இடைவெளி கிடைத்தது. 2026இல் நவம்பர் 8. இடைவெளி 47 நாள்தான். இடைவெளி நீளமான ஆண்டில் துணியையும் தையலையும் தீபாவளிக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். 2026 போன்ற ஆண்டில் தையல் வேலை ஆகஸ்டுக்குப் போய்விட வேண்டும், விளக்கும் அலங்காரமும் மட்டும் தீபாவளிக்குப் பின் இருக்கட்டும்.

ஜூலை இறுதி: கணக்கும் பெயர்ப்பட்டியலும்

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழா ஜூலை 26. அது முடிந்த வாரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள்: யாருக்குப் பரிசும் அங்பாவும் (உறையில் வைத்துத் தரும் பணம்), யார் யார் வீட்டுக்கு வருவார்கள், யார் வீட்டுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டும். சாமான் பட்டியலை அப்புறம் போடலாம். ஆள் கணக்கு சரியாக இருந்தால் சாமான் கணக்கு தானாக வரும்.

பிறகு பணம். துணி, பலகாரம், விருந்து, பரிசும் அங்பாவும் என்று நான்காகப் பிரித்து, போன ஆண்டு செலவை நினைவிருக்கும் வரை எழுதுங்கள். மொத்தம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதத்தில் மாதம் 300 எடுத்து வைத்தால் டிசம்பர் சம்பளத்தில் கை வைக்கத் தேவையில்லை. ஜனவரியில் பள்ளிச் செலவு காத்திருக்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம்.

பண்டிகைச் செலவுக்காகக் கூட்டு, அதாவது சீட்டு, கட்டும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. நடத்துபவர் பணத்தோடு போய்விட்டால், போய்ச் சொல்லவும் நமக்கு வாய் வராது. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று கைப்பேசிச் செயலிகள் தரும் தவணையும் அப்படித்தான். ஒரு சேலைக்கு மூன்று தவணை, ஒரு காலணிக்கு மூன்று தவணை என்று நான்கைந்து சேர்ந்தால் பிப்ரவரி வரை இழுக்கும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு, இல்லையென்றால் அலமாரியில் ஓர் உறை, அதுவே போதும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: தையல், அச்சு, குடில்

பிளவுஸ், சுரிதார், பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று எது தைக்க வேண்டியிருந்தாலும் ஆகஸ்டில் துணியை வாங்கி, செப்டம்பர் தொடக்கத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பல தையல்காரர்கள் புது வேலை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் அவசரத்தில் தைப்பார்கள். ‘கிறிஸ்மஸுக்குத்தான், தீபாவளி முடிந்து தந்தால் போதும்’ என்று சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் வேலை சுத்தமாக வரும். வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். திருத்தம் இருந்தால் நவம்பரில் செய்துகொள்ளலாம். கேரல் குழுவுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுப்பதாக இருந்தால் இன்னும் முந்த வேண்டும். இருபது சேலை ஒரே சாயத்தில் கிடைக்கக் கடைக்காரர் இந்தியாவுக்குச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும்.

வளரும் பிள்ளைகளின் ஆயத்தத் துணியையும் காலணியையும் இப்போது வாங்காதீர்கள். அது டிசம்பர் முதல் வார வேலை.

அச்சு முறுக்குக்குப் பித்தளை அச்சு வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்பே பாத்திரக்கடைக்குப் போங்கள், அப்போதுதான் பல வடிவம் இருக்கும். புது அச்சைச் சூடான எண்ணெயில் போட்டு, அப்படியே ஓர் இரவு எண்ணெயிலேயே கிடக்கவிட்டால்தான் மாவு ஒட்டாமல் கழலும். பலகாரம் போட்டுவைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல்களையும் கையோடு வாங்கிவிடலாம், அவை கெட்டுப்போகும் பொருள் இல்லை.

குடிலை இப்போதே இறக்கிப் பாருங்கள். சுரூபங்களில் கை உடைந்தது, சாயம் போனது எது என்று தெரிந்தால் ஆலயத்தின் புத்தகக்கடையில் சொல்லிவைக்கலாம். டிசம்பரில் போனால் முழு செட்டுதான் இருக்கும், தனியாக ஒரு இடையர் கிடைக்கமாட்டார். திருவருகை வளையத்துக்கு மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி, நடுவில் ஒரு வெள்ளை. ரோஜா நிறம்தான் சீக்கிரம் தீரும். வாங்கியதை வெயில் படாத அலமாரியில் படுக்கவையுங்கள். காருக்குள் விட்டுவிட்டால் ஒரே மதியத்தில் வளைந்துவிடும்.

செப்டம்பர்: பழம் ஊறப்போடுவது

பண்டிகை வேலைகளிலேயே அவசரப்படுத்தவே முடியாதது இதுதான். ரம்மிலோ பிராந்தியிலோ ஊறிய பழத்துக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்தால் கேக்கின் நிறமும் மணமும் வேறாகிவிடும்.

உலர்ந்த திராட்சை, சுல்தானா, கரண்ட்ஸ், செர்ரி, சர்க்கரையில் பதமிட்ட ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து 1 கிலோ. அதற்கு ரம் அல்லது பிராந்தி. செர்ரியின் மேலுள்ள பாகைக் கழுவி, துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கி, கொதிநீரில் கழுவி முழுக்கக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போட்டு, பழம் மூழ்கும்வரை ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை காய்ந்த கரண்டியால் கிளறுங்கள். பழம் உறிஞ்சிவிட்டால் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஈரக் கரண்டி பட்டால் நம் ஊர் சூட்டில் புளித்துவிடும். முந்திரி, பாதாம் ஆகியவற்றை இப்போது சேர்க்க வேண்டாம். அவை கேக் சுடும் அன்று போட வேண்டியவை, அதுவரை குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

மது சேர்க்காத வீட்டில் இந்த வேலை செப்டம்பரில் கிடையாது. ஆரஞ்சுச் சாற்றையோ திராட்சைச் சாற்றையோ பழத்தோடு சேர்த்துச் சூடாக்கி, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் சுட்டுவிட வேண்டும். சாற்றில் ஊறியதை மாதக்கணக்கில் வெளியே வைத்தால் கெட்டுவிடும்.

ஜாதிக்காய் விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பை வேறு ஊரார் நினைத்தும் பார்க்க முடியாது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து இந்தத் தீவில் பயிரிட்டது. பாலிக் புலாவ் பக்கம் இன்னமும் மரங்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, பேரங்காடியில் என்றைக்கோ அரைத்து அடைத்த தூளை வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். சௌராஸ்தா சந்தைப் பக்கம் போனால் ஜாதிக்காய் ஊறல், தைலம் எல்லாம் விற்கும் கடைகள் இருக்கும், அங்கே ஓட்டோடு இருக்கும் விதையைக் கேளுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு அசையும் சத்தம் வர வேண்டும். வந்தால் நன்றாகக் காய்ந்தது. சத்தம் இல்லாதது ஈரமானது, பூசணம் பிடிக்கும். ஓட்டோடு மூடிய போத்தலில் வைத்தால் கிறிஸ்மஸ் தாண்டியும் இருக்கும். கேக் சுடும் நாளில் ஓட்டை உடைத்து, அப்போதே துருவிப் போடுங்கள். 1 கிலோ பழத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

மது சேர்த்த கேக்கைக் கிறிஸ்மஸுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால், அதாவது நவம்பர் நடுவில் சுடலாம். வெண்ணெய்த் தாளில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர் நாட்டுச் சமையல் குறிப்புகள் அலமாரியில் வைக்கச் சொல்லும், இங்கே அது சரிவராது. வாரம் ஒருமுறை பிரித்து ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பிராந்தி தெளித்து மூடிவிடுங்கள்.

தீபாவளிக்கு அடுத்த வாரம்: விளக்கும் துணியும்

இந்த ஒரு வாரத்தைத் தவறவிடாதீர்கள். சரம் சரமாக எல்இடி விளக்குகள், ஜன்னலில் தொங்கவிடும் அலங்காரம், ஆயத்தச் சேலை, வேட்டி, ஜிப்பா எல்லாம் அப்போது விலை இறங்கியிருக்கும். கிறிஸ்மஸ் விளக்கு என்று பேரங்காடியில் தனியாக அடுக்கி விற்பதும் பெரும்பாலும் இதே விளக்குதான். மயில், குத்துவிளக்குப் படம் போட்டதை விட்டுவிட்டுச் சாதாரணச் சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கில் மட்டும் விலையை முதலில் பார்க்க வேண்டாம். சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை இருக்கிறதா, நம் சுவருக்குப் பொருந்தும் மூன்று முனைச் செருகியா என்று பாருங்கள். இரண்டு முனைச் செருகியைக் குச்சி வைத்துக் குத்திப் பொருத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காய்ந்த வைக்கோல் போட்ட குடிலுக்குப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து. கடையிலேயே செருகி எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மரம் வாங்குவதானால் முதலில் வீட்டுக் கூரையின் உயரத்தையும், சுவரோரம் கிடைக்கும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கடையின் உயரமான கூரைக்குக் கீழே எல்லா மரமும் சின்னதாகத்தான் தெரியும். அடுக்குமாடி வீட்டுக்கு ஒல்லியான மரமே ஏற்றது.

கடைத்தெருவுக்குக் காரை விட்டுவிட்டுப் போவது நல்லது. ஜோர்ஜ் டவுனுக்குள் சுற்றிவரும் கேட் (CAT) பேருந்து இலவசம். தீவுக்கு எதிரே பெருநிலத்திலிருந்து வருபவர்கள் பட்டர்வொர்த்தில் பெரிப் படகு ஏறினால் இறங்கும் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். துணிப்பை எடுத்துப் போங்கள். பினாங்குப் பேரங்காடிகளில் 2011 முதல் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடையாது.

இணையத்தில் வாங்குவது

ஷோப்பி, லஸாடாவில் 9.9, 10.10, 11.11 என்று தள்ளுபடி நாள் வரும். வேண்டிய பொருளை ஆகஸ்டிலேயே கூடையில் போட்டு, அன்றைய விலையைக் குறித்துவையுங்கள். தள்ளுபடி நாளில் உண்மையாகவே குறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 12.12ஐ நம்பாதீர்கள். சீனாவிலிருந்து வர வேண்டிய பொருள் கிறிஸ்மஸ் முடிந்துதான் கைக்கு வரலாம். இன்னொன்று, 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

அக்டோபர், நவம்பர்: வரப்போகும் விருந்தினரை நினைத்து

பினாங்கில் கிறிஸ்மஸ் என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், வேலையிடத்துச் சீன நண்பர்கள், இந்து உறவினர்கள், எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள். ஒவ்வொருவரும் தயங்காமல் தட்டை நீட்ட வேண்டும் என்பதற்காக ஏற்பாட்டை முன்கூட்டியே செய்வதுதான் பெரிய உபசாரம் என்று நினைக்கிறேன்.

முஸ்லிம் விருந்தினர் வருகிறார்கள் என்றால் அந்த நாளின் மேசையில் பன்றி இறைச்சியும் மதுவும் வேண்டாம். அவர்களுக்கென்று ஒரு மூலையில் தனியாக வைப்பதைவிட முழு மேசையையும் அப்படி அமைப்பது நல்லது. பழக் கேக்கை வீட்டாருக்கு வைத்துக்கொண்டு, மேசைக்குச் சூஜி (ரவை) கேக்கோ வெண்ணெய் கேக்கோ வையுங்கள். ரம் வாசனை எசென்ஸ்கூட வேண்டாம். கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள். அப்படியும் அவர்களுக்குச் சங்கடம் இருக்கும் என்று தோன்றினால், ஹலால் சான்றிதழ் உள்ள உணவு ஏற்பாட்டாளரிடம் சொல்லி, அவர்களுடைய பாத்திரத்திலேயே கொண்டுவரச் செய்யலாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு அவர்களை நவம்பர் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும்.

இந்து உறவினரில் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள்தான் பெரும்பாலோர். சீன நண்பர்களில் குவான் யின் பக்தர்களும் உண்பதில்லை. ஆகவே மாட்டிறைச்சியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் மண்டல விரதம் கிறிஸ்மஸ் நாளிலும் தொடரும். மார்கழியும் அப்போதுதான். 2026இல் கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை வேறு. முட்டை சேர்க்காத ஒரு கேக், சைவப் பிரியாணி, அவர்களுக்கென்று தனிக் கரண்டி, இவை கட்டாயம்.

சூஜி கேக்கைப் புலாவ் திக்குஸ் யுரேசியக் குடும்பங்கள் செய்வதுபோல வேறு யாரும் செய்து நான் சாப்பிட்டதில்லை. வறுத்த ரவை, வெண்ணெய், பாதாம், நிறைய மஞ்சள்கரு. வீட்டிலிருந்து சுட்டு விற்பவர்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் எடுப்பார்கள். அக்டோபரில் சொல்லி, முன்பணம் கட்டி, தேதியையும் விலையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள் என்றால் பட்டர்வொர்த் வரும் இடிஎஸ் ரயில் டிக்கெட், விற்பனை திறந்தவுடனே வாங்க வேண்டியது. ஆண்டிறுதி விடுமுறையும் சேர்வதால் நல்ல நேரத்து ரயில்கள் முதலில் தீரும்.

நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம்: வெண்ணெய், மாவு, பலகாரம்

வெண்ணெய் வாங்குவதற்கு முன் உறைபெட்டியைக் காலி செய்யுங்கள். கறிக்கும் அதே இடம்தான் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. வெண்ணெய் உறைபெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே தள்ளுபடியில் கண்டபோது வாங்கிப் போடலாம். கோதுமை மாவை வாங்கியவுடன் நான்கைந்து நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டு முட்டை சாகும். பிறகு காய்ந்த டப்பாவில் கொட்டிவைக்கலாம்.

பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை. டிசம்பரில் மழை குறையும். முறுக்கும் நெய் உருண்டையும் டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் செய்தால் மொறுமொறுப்புக் குறையாது. பொரித்தது முழுக்க ஆறிய பிறகே போத்தலில் அடைக்க வேண்டும். அச்சு முறுக்கு மாவுக்குத் தேங்காய்ப் பால் அன்றன்றைக்குப் பிழிந்தது. அச்சைக் காய்ந்த எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் கழலாது. நான்கு கை சேர்ந்தால் ஒரே மாலையில் இரண்டு வீட்டுக்கும் முடியும். சகோதரியையோ அண்டை வீட்டு அக்காவையோ கூப்பிட்டுச் சேர்ந்து செய்யுங்கள்.

பிள்ளைகளின் துணி, காலணி, அங்பாவ் உறை, பரிசு சுற்றும் தாள் ஆகியவற்றை டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வேலை நாள் காலையில் முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம்.

கடைசி பத்து நாள்

ஆட்டுக்கறியைக் கசாப்புக்காரரிடம் டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லி, எந்தப் பாகம், எத்தனை கிலோ, எலும்போடா என்று தெளிவாக்கிவிடுங்கள். உள்ளூர் ஆடு வேண்டுமானால் இது இன்னும் முக்கியம். 23ஆம் தேதி எடுத்தால் குளிர்பெட்டியில் வைத்து 24ஆம் தேதி சமைக்கலாம். உறைந்த கறியைச் சமையல் மேடையில் வைத்து இளகவிடாதீர்கள். முந்தின நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் போதும், பெரிய துண்டாக இருந்தால் முழுதாக ஒரு நாள் எடுக்கும்.

வெங்காயம், உருளைக்கிழங்கு பத்து நாள் முன்னால். தக்காளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, புதினா 23ஆம் தேதி காலைச் சந்தையில். வாழையிலை, தேங்காய், குடிலுக்கும் பீடத்துக்கும் பூ 24ஆம் தேதி காலை. பூக்காரரிடம் மட்டும் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள், மல்லிகை அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டும்.

24ஆம் தேதி மதியத்துக்குள் ஆட்டுக்கறிப் பிரட்டலை முக்கால் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில். மறுநாள் காலை மிதமான தீயில் கொதிக்கவைத்தால் மசாலா நன்றாக ஏறியிருக்கும். இடியாப்ப மாவை வறுத்து அளந்து மூடிவைத்துவிட்டால் காலையில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து பிழிவதுதான் வேலை. எல்லோருடைய துணியையும் தேய்த்து மாட்டிவிட்டு, அங்பாவ் உறைகளில் பெயர் எழுதிவிட்டு, மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடலாம். திருப்பலிக்குக் கிளம்பும்வரை பாட்டியோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.